பிடுங்கித்தான் ஆக வேண்டுமா?

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் போய் நில்லுங்கள். வாயை அகலத் திறந்து, கீழ்த்தாடையின் நட்டநடுவிலிருந்து ஒரு பக்கமாகப் பற்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவதாக அகலமான ஒரு பல் வருகிறதல்லவா? புதிதாகக் கொத்திய அம்மியைப் போல மேலே மேடும் பள்ளமுமாக இருக்கும். நான் இன்று பேசப் போவது அந்தப் பல்லைப் பற்றித்தான்.

அது முளைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்காது. உங்கள் அம்மாவுக்கும் நினைவிருக்காது. முன்பற்கள் ஆடி விழுந்தபோது வீடே கூடி வேடிக்கை பார்த்தது. விழுந்த பல்லைக் கூரைமேல் வீசினீர்கள். ஆனால் இந்த ஆறாவது பல் எந்தப் பால் பல்லையும் தள்ளிவிட்டு வரவில்லை. உங்களுக்கு ஆறு வயது நடந்தபோது, பால் பல் வரிசைக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. எதுவும் விழாமல் வந்ததால் இதையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். "சொத்தையானால் என்ன, விழுந்து முளைக்கிற பல்தானே?" என்று விட்டுவிடுகிறார்கள். இது விழுந்து முளைக்கிற பல் அல்ல. எழுபது, எண்பது வயதுவரை உங்களோடு வந்து உழைக்க வேண்டிய நிலைப்பல். பள்ளிப் பிள்ளைகளின் நிலைப்பற்களில் அதிகமாகச் சொத்தை விழுவதும் இதில்தான். முதலில் முளைக்கிறது, ஆழமான பள்ளங்கள் உள்ளது, பல் குச்சிக்கு எட்டாத மூலையில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

எங்கள் எதிர் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு வந்து, "மாமா, நாளைக்கு இந்தப் பல்லைப் பிடுங்கப் போகிறார்கள். பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று அப்பா சொல்கிறார். பாட்டி மட்டும் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டாள். பாட்டி ஏன் வேண்டாம் என்கிறார் என்று விசாரித்தேன். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமாம்!

அப்பா சொல்லும் காரணமும் தவறு, பாட்டி சொல்லும் காரணமும் தவறு. ஆனால் இருவரில் யார் பக்கம் நிற்பேன் என்று கேட்டால், நான் பாட்டியின் பக்கம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கண் சமாசாரத்தை முடித்துவிடுவோம். மூளையிலிருந்து பன்னிரண்டு இணை நரம்புகள் நேராகப் புறப்படுகின்றன. பார்வைக்குரியது இரண்டாவது இணை. பற்களின் உணர்ச்சிக்குரியது ஐந்தாவது இணை. இரண்டும் வேறு வேறு கம்பிகள். வீட்டில் மின்விசிறியைக் கழற்றினால் தொலைக்காட்சி நின்றுவிடுமா? உண்மையில் விஷயம் தலைகீழ். மேல்தாடையில் சீழ் பிடித்த பல்லைக் கவனிக்காமல் விட்டால், அரிதாகவேனும் அந்தச் சீழ் கண்ணைச் சுற்றியுள்ள பகுதிக்குப் பரவக்கூடும். கண்ணுக்குப் பயந்து சொத்தைப் பல்லோடு நாள் கடத்துபவர்கள்தான் கண்ணுக்கு ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

இனி அப்பாவின் வாதம். வலிக்கிற பல்லை எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்பது உண்மையே. ஆனால் வலி எங்கே இருக்கிறது?

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கனிம உப்புதான். அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. ஆகவே அதற்கு வலியும் தெரியாது, உடைந்தால் தானாக வளரவும் தெரியாது. எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. எனாமல் போனால் போனதுதான். அதற்கு அடியில் டென்டைன் என்ற அடுக்கு. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் ஓடும் அடுக்கு அது. நடுவில் ஓர் அறை. அந்த அறைக்குள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான பல்கூழ். பல்கூழ் அங்கிருந்து வேர்களின் உள்ளே இறங்கி, வேர் நுனியிலுள்ள சின்னஞ்சிறு துளை வழியாக உடலோடு தொடர்பு கொள்கிறது.

நீங்கள் மிட்டாய் தின்கிறீர்கள். வாயிலுள்ள பாக்டீரியாக்களும் தின்கின்றன. தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் உப்புகள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை முறித்து நிலைமையைச் சரிசெய்ய அரைமணி, ஒருமணி ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் போட்டால்? சொத்தை இப்படித்தான் தொடங்குகிறது, புழுவால் அல்ல. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்று கிராமங்களில் சொல்வார்கள். நம் ஊரில் மட்டும் அல்ல, பழைய பாபிலோனிலும் இந்த நம்பிக்கை இருந்தது. பிரான்ஸ் நாட்டின் பியர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டிலேயே, தாம் எழுதிய பல் மருத்துவ நூலில் இந்தப் புழுவை மறுத்துவிட்டார். நம் புழு இன்னும் உயிரோடிருக்கிறது!

சொத்தை எனாமலைத் தாண்டி டென்டைனை எட்டும்போது ஐஸ் பட்டால் கூசுகிறது. ஒரு நொடி கூசிவிட்டு உடனே நின்றுவிட்டால் பல்கூழ் இன்னும் நலமாகவே இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் போய்ச் சொத்தையைச் சுரண்டி அடைத்துக்கொண்டால் போதும். பிடுங்குவதா காப்பதா என்ற கேள்வியே எழாது. ஆனால் யார் போகிறோம்?

பாக்டீரியாக்கள் பல்கூழை எட்டியபின் கதை மாறுகிறது. காலில் அடிபட்டால் கால் வீங்குகிறது. பல்கூழும் வீங்கத்தான் பார்க்கும். ஆனால் அது கல்லறை போன்ற கெட்டியான சுவர்களுக்குள் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது? வீங்க இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த வலியைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். படுத்தால் தலைக்கு இரத்த அழுத்தம் கூடி இன்னும் மோசமாகும். அதனால்தான் பல்வலி இரவில் வந்து விடியவிடிய வாட்டுகிறது.

இப்போது கவனியுங்கள், பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டு மூன்று நாள் வாட்டிய வலி ஒரு நாள் தானாகவே நின்றுவிடும். "கிராம்புத் தைலம் வைத்தேன், சரியாகிவிட்டது" என்பார்கள். சரியாகவில்லை. உள்ளே இருந்த பல்கூழ் செத்துவிட்டது. வலியைச் சொல்ல நரம்பு இல்லை. பாக்டீரியாக்கள் காலி அறையில் குடியேறி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. சில மாதங்கள் கழித்து ஈறில் ஒரு கொப்புளம், அல்லது கன்னத்தில் வீக்கம். கடையில் வாங்கிய மாத்திரை வீக்கத்தைக் கொஞ்சம் வடியவைக்கலாம். ஆனால் செத்த அறைக்குள் இரத்த ஓட்டம் இல்லையே, மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? (வலி மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைக்கும் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பிரின் அமிலம். ஈறு வெந்துபோகும். செய்யாதீர்கள்.)

எதிர் வீட்டுப் பெண்ணின் பல் இந்தக் கட்டத்தில்தான் இருந்தது. இப்போது அவளுக்கு இரண்டு வழிகள். பல்லை எடுத்துவிடலாம். அல்லது பல்லை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் செத்த கூழையும் பாக்டீரியாக்களையும் மட்டும் எடுத்துவிடலாம். இரண்டாவதற்குத்தான் வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால் என்று பெயர்.

இது ஏதோ நேற்று வந்த புதுமை அல்ல. அமெரிக்காவில் எட்வர்டு மேனார்டு என்ற பல் மருத்துவர், கடிகாரச் சுருள்வில்லை அராவி மெல்லிய கருவியாக்கி வேரின் உட்பகுதியைச் சுத்தம் செய்தது 1838-இல். சுத்தம் செய்த குழாயைப் பின்னாளில் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைத்தார்கள். மலேயாப் பகுதிக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, தண்ணீர் புகாமல் கம்பிக்கு உறையிட்டதும் இதே பாலைக் கொண்டுதான். கடல் நீரையே உள்ளே விடாத பொருள் உமிழ்நீரை விடுமா? இன்றும் வேர்க்குழாயை அடைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

"செத்த பல்லை வாயில் வைத்துக்கொள்வதா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1910-ஆம் ஆண்டில் வில்லியம் ஹன்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சீழ் பிடித்த பற்களின்மேல் தங்கத்தைப் பூசி மூடிவைக்கும் பல் மருத்துவம்தான் உடலின் பல நோய்களுக்குக் காரணம் என்று சாடினார். அன்றைய சில வேலைகள் அப்படி மோசமாக இருந்ததும் உண்மையே. ஆனால் அந்த எண்ணம் தீப்போலப் பரவியது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. களைப்பா, பல்லைப் பிடுங்கு! அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டிரென்டன் நகர மனநல மருத்துவமனையை 1907 முதல் 1930 வரை நடத்திய ஹென்றி காட்டன் என்பவர், பைத்தியத்துக்கும் பல்லே காரணம் என்று நம்பி நோயாளிகளின் பற்களையெல்லாம் பிடுங்கினார். குணமாகவில்லை என்றதும் தொண்டைச் சதையை வெட்டினார், பிறகு பெருங்குடலை வெட்டினார். பலர் செத்துப்போனார்கள். ஓர் ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமலே உண்மை என்று பிடித்துக்கொண்டால் படித்தவர்களும் எங்கே போய் நிற்பார்கள் என்பதற்கு இது சாட்சி.

சோதனை வந்தது 1965-இல். அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் செய்தது. அழகான சோதனை, உங்களில் யாராவது விஞ்ஞானி ஆனால் இப்படி ஒன்றைச் செய்ய வேண்டும். இரண்டு கூட்டம் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சாதாரண எலிகள். மற்றொன்று பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூட அண்டாமல் அடைப்புக் கூண்டில் வளர்த்த எலிகள். இரண்டு கூட்டத்துக்கும் கடைவாய்ப்பல்லில் துளை போட்டுப் பல்கூழைத் திறந்துவிட்டார்கள். அடைக்கவில்லை, உணவு துகள்கள் துளைக்குள் போய் அடைந்தன. சாதாரண எலிகளின் பல்கூழ் அழுகிச் செத்தது, சீழ் கட்டியது. பாக்டீரியா இல்லாத எலிகளின் பல்கூழோ சாகவில்லை. சில வாரங்களில் திறந்த இடத்தில் புதிய டென்டைனைக் கட்டித் தன்னைத் தானே மூடிக்கொண்டது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? குற்றவாளி பல் அல்ல, பாக்டீரியா. அதை வெளியேற்றி, மறுபடி வரமுடியாமல் வழியை அடைத்துவிட்டால் பல்லை வெளியேற்ற வேண்டியதில்லை. வீட்டில் திருடன் புகுந்தால் திருடனைப் பிடிப்போமா, வீட்டை இடிப்போமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லைச் செத்த பல் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. பல்கூழ் போய்விட்டது, சரி. ஆனால் பல்லின் வேரும் தாடை எலும்பும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. கனத்தில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பல்லை ஊஞ்சல் போலத் தாங்கிப் பிடித்திருப்பது அதுதான். அதில் இரத்தமும் ஓடுகிறது, நரம்பும் இருக்கிறது. சோற்றில் ஒரு மணல் அகப்பட்டால் பல் சட்டென்று நிற்கிறதே, அந்தச் சேதியை மூளைக்கு அனுப்புவதில் இந்த நாருக்குப் பெரும் பங்கு உண்டு. வேர் சிகிச்சை செய்த பல்லிலும் இந்த நார் உயிரோடிருக்கிறது. பல்லைப் பிடுங்கினால் இதையும் சேர்த்துத்தான் இழக்கிறோம். எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து வைக்கும் செயற்கைப் பல் அருமையான கண்டுபிடிப்புதான். சுவீடன் நாட்டின் பிரனமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைப் பதித்தார். ஆனால் அதில் இந்த நார் கிடையாது. உங்களைப் போன்ற வளரும் பிள்ளைகளுக்கு அதைப் பொதுவாகப் பதிப்பதும் இல்லை. தாடை வளர வளர மற்றப் பற்கள் அதோடு சேர்ந்து நகரும். திருகு நகராது, பள்ளத்தில் நின்றுவிடும். ஆகவே பதினான்கு வயதில் பல்லை எடுத்தால் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கவேண்டும்.

காத்திருக்கும் ஆண்டுகளில் வாய் சும்மா இருக்காது. எனக்குத் தெரியும். எனக்கும் பதினான்கு வயதில்தான் கீழ்வரிசை ஆறாவது பல்லை எடுத்தார்கள். ஐந்தே நிமிட வேலை. மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டேன். எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கடைவாய்ப்பல் போனால் சொல் போகாது, சிரித்தால் வெளியே தெரியாது, அதனால்தான் அதன் அருமை தெரிவதில்லை. சில ஆண்டுகளில் பின்னாலிருந்த ஏழாவது பல் பேருந்தில் தூங்கி விழுகிறவரைப் போல முன்பக்கம் சாய்ந்தது. எதிரே மேல்வரிசைப் பல், மோத ஆளில்லாததால் கீழே இறங்கத் தொடங்கியது. சாய்ந்த பல்லின் இடுக்கில் கீரை நார் மாட்டும், குச்சியால் குத்துவேன். குத்திக் குத்தி அங்கும் ஈறு கெட்டது. பல் இருந்த இடத்து எலும்பும் வேலையில்லாமல் தேய்ந்துபோனது. பல்லை எடுத்த முதல் ஓராண்டிலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடலாம் என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு பல்லுக்காக மூன்று பற்களைப் பழுதாக்கிக்கொண்டேன். எடுத்தவரைக் குறை சொல்லமாட்டேன். "வேறு வழி உண்டா?" என்று நாங்கள் யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

சரி, வேர் சிகிச்சை செய்தால் பல் நிலைக்குமா? அமெரிக்காவில் காப்பீட்டுப் பதிவேடுகளைக் கொண்டு, வேர் சிகிச்சை பெற்ற 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களைக் கணக்கெடுத்தார்கள். 2004-இல் முடிவு வெளியானது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. எண்ணைக் கேட்டு உடனே மயங்கிவிடாதீர்கள். காப்பீடு வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள், அடிக்கடி மருத்துவரிடம் போகிறவர்கள். நம் ஊர்க் கணக்கு அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வாயில் இருக்கிறது என்பதும் நோயில்லாமல் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறொரு செய்தி. பிறகு எடுக்க நேர்ந்த பற்களில் 85 சதவீதத்துக்கு மேலே முழுத்தொப்பி, அதாவது கேப் போடப்படவில்லை. உள்ளே குடைந்து, ஏற்கெனவே சொத்தையில் பாதி போன கடைவாய்ப்பல் இளைத்த பல். கேப் போடாமல் விட்டால் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பிளந்துபோகலாம். "வலி போய்விட்டதே, கேப் எதற்கு?" என்று பாதியில் நின்றுவிடுபவர்கள்தான் பின்னால் வந்து, "ரூட் கெனால் செய்தும் பல் நிற்கவில்லை" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

எல்லாப் பல்லையும் எப்பாடு பட்டாவது காப்பாற்றியே தீரவேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எடுக்க வேண்டிய பல்லும் உண்டு. வேர் நீளவாக்கில் பிளந்துவிட்டால் அதை ஒட்டவைக்க வழி இல்லை. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. அளவாவது நல்ல பல் மிஞ்சியிருந்தால்தான் கேப்புக்குப் பிடிப்புக் கிடைக்கும்; அதுவும் இல்லாமல் ஈறோடு ஈறாகக் கரைந்த பல்லில் பணத்தைக் கொட்டுவது வீண். ஈறு நோயால் சுற்றிலும் எலும்பே கரைந்து ஆடுகிற பல்லுக்கு உள்ளே என்ன சிகிச்சை செய்து என்ன? இவையெல்லாம் வெளியே பார்த்துச் சொல்லக்கூடியவை அல்ல. எக்ஸ்ரே வேண்டும். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-ஆம் ஆண்டின் கடைசியில். அடுத்த சில வாரங்களிலேயே ஜெர்மனியில் வால்காஃப் என்பவர் தம் பற்களையே படம் பிடித்துக்கொண்டார். 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததாம்! இன்று ஒரு நொடிகூட ஆவதில்லை. படம் எடுக்காமலே குறட்டை எடுக்கிறவரிடம், "ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

வியப்பான விதிவிலக்கு ஒன்றும் உண்டு. சில பிள்ளைகளுக்கு ஆறாவது பல் முளைக்கும்போதே எனாமல் சரியாக உருவாகாமல், மஞ்சளாக, பொரபொரவென்று வரும். அப்படிப் பிழைக்காது என்று உறுதியான பல்லை, எட்டு முதல் பத்து வயதுக்குள் நேரம் பார்த்துத் திட்டமிட்டு எடுத்துவிடுவார்கள். அப்போது எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் ஏழாவது பல் மெல்ல முன்னேறி, பன்னிரண்டு வயதில் முளைக்கும்போது அந்த இடத்தையே பெரும்பாலும் நிரப்பிவிடும். அதே பல்லைப் பதினான்கு வயதில் எடுத்தால் எனக்கு நேர்ந்த கதைதான் நேரும்.

அவசரமும் ஒன்று உண்டு. பல்வலியோடு காய்ச்சல் வந்து, தாடைக்கு அடியில் வீங்கி, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக்கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சையே அடைத்துவிடும் இந்த நிலையை லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-இல் விவரித்தார். அப்போது உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. பல் போனால் போகட்டும்.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எதிர் வீட்டு அப்பா அறியாமையால் மட்டும் பிடுங்கிவிடலாம் என்று சொல்லவில்லை. அவர் தினக்கூலி. பிடுங்க ஒரு தடவை போனால் போதும். வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை, கேப்புக்கு மேலும் ஒன்றிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். தனியார் மருத்துவரிடம் போனால் பிடுங்குவதைப்போலப் பல மடங்கு செலவு. ஆகவே நம் நாட்டில் ஒரு பல் நிற்பதா விழுவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வேரும் எலும்பும் அல்ல, சட்டைப்பை. இது எனக்கு ஒப்பவில்லை. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேர் சிகிச்சையும் செய்கிறார்கள். ஆனால் எட்டாத ஊர்களில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பிடுங்குவதற்கு எவ்வளவு பக்கத்தில் வசதி இருக்கிறதோ, அவ்வளவு பக்கத்தில் காப்பதற்கும் வசதி இருக்கவேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையின் நிலைப்பல் வசதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போகக்கூடாது என்பது என் கட்சி.

சொத்தையை விடுங்கள். விளையாட்டு மைதானத்தில், டாக்டர் வருவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்யவேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வரலாம். கிரிக்கெட் பந்து பட்டு உங்கள் நண்பனின் முன்பல் முழுதாகக் கழன்று மண்ணில் விழுகிறது. போனது போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். வேரில் ஒட்டியிருக்கும் அந்த நார்ச் செல்கள் சிறிது நேரம் உயிரோடிருக்கும். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ சில நொடிகள் அலசி, வந்த குழியிலேயே திரும்பச் செருகி, ஒரு கைக்குட்டையை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருக முடியவில்லையா? டீக்கடையில் குளிர்ந்த பால் ஒரு டம்ளர் வாங்கி அதில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். செல்கள் உப்பி வெடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்பச் செருகக்கூடாது. உள்ளே உருவாகும் நிலைப்பல்லுக்குக் கெடுதி.

எதிர் வீட்டுப் பெண்ணின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் நானும் கூடப் போனேன். படம் எடுத்தார்கள். இரண்டு வேர்களும் முழுசாக இருந்தன. பிளவு இல்லை. ஒரு வேரின் நுனியில் மட்டும் எலும்பில் மிளகளவு கறுப்பு. சுவர்கள் மூன்று நன்றாக நின்றன. "வைத்துக்கொள்ளலாம்" என்றார் டாக்டர். அப்பா தயங்கினார், சனிக்கிழமைதோறும் வரலாம், தவணையாகப் பணம் கட்டலாம் என்று பேசி முடித்தோம். மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. வரும் சனிக்கிழமை கேப் வைக்கிறார்கள். வெள்ளைக் கேப்புக்குப் பணம் அதிகம் என்பதால் உலோகக் கேப்தான். சிரித்தால் பளபளவென்று தெரியுமோ என்பது இப்போது அவள் கவலை. ஆறாவது பல் அவ்வளவு வெளியே தெரியாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, கண்ணாடி முன்னால் நின்று விதவிதமாகச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.